வெறுவயிற்றில் எங்கிருந்து வந்தது சீனி?

மாதத்துக்கு ஒரு முறை பெரியம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். விடிய ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்தால்தான் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். பையில் கிளினிக் கொப்பி, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, பேப்பரில் சுற்றிய இரண்டு துண்டு பாண். இரத்தம் கொடுத்த பிறகுதான் தேத்தண்ணியையும் பாணையும் தொடலாம். போன முறை வெறுவயிற்றுச் சீனி 168 (ஒரு டெசிலீற்றர் குருதியில் மில்லிகிராம்) என்று வந்தது. பெரியம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

“ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டனான். அதுக்குப் பிறகு பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கேல்லை. பிறகு எங்கயிருந்து பிள்ளை வந்தது இவ்வளவு சீனி?”

சலரோகம் (நீரிழிவு) பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் இதுதான் மிகச் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். சாப்பாடு பத்து மணி நேரத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. இரண்டு இடியப்பமும் நடுச்சாமத்துக்குள் சமித்துப் போயிருக்கும். ஆகவே அந்த 168 வெளியிலிருந்து வந்த சீனி இல்லை. பெரியம்மாவின் ஈரல் இரவு முழுக்கச் செய்து குருதிக்குள் விட்ட சீனி. செய்வது பிழையும் இல்லை, ஈரலின் வேலையே அதுதான். போதும் நிறுத்து என்று இன்சுலின் சொன்னதை ஈரல் காதில் வாங்காமல் போனதுதான் இங்கே பிரச்சினை.

ஈரல் ஏன் இரவில் சீனி செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் உடம்பில் ஓடும் ஐந்து லீற்றர் குருதியில் கரைந்திருக்கும் குளுக்கோசு முழுவதையும் அள்ளி ஒன்றாக்கினால் நாலைந்து கிராம்தான் வரும். ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம் எரிக்கிறது. யாரும் நிரப்பாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் கரண்டி காலி. நாங்கள் நித்திரை கொள்ளும் எட்டு மணி நேரமும் அந்தக் கரண்டியைக் குறையாமலும் வழியாமலும் பார்த்துக்கொள்வது ஈரல். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் என்பது அதன் சராசரிக் கணக்கு. 60 கிலோ மனிதருக்கு மணிக்கு 7 கிராம் அளவு வரும். ஒரு பகுதியை, கிளைக்கோசன் என்ற வடிவில் சேமித்து வைத்த சீனியை உடைத்துக் கொடுக்கிறது. மீதியை அமினோ அமிலம், லக்ரேற், கிளிசரோல் போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்கிறது.

ஈரல் தானாகச் சீனி செய்யும் என்பதைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் கிளோட் பெர்னார்ட். 1855 இல் அவர் ஒரு நாயின் ஈரலை எடுத்து, அதன் குருதிக் குழாய்க்குள் நாற்பது நிமிடம் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினார். சீனி துளியும் இல்லை என்று சோதித்த பிறகு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால், கழுவிய ஈரலில் மறுபடி சீனி ஊறியிருந்தது. 1857 இல் அந்தச் சீனியின் மூலப்பொருளான கிளைக்கோசனையும் பிரித்தெடுத்தார். அதே ஆண்டுகளில்தான் 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஷ் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிறகு 1860களில் மானிப்பாயில் அதைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ஈரல் பற்றிய இந்தப் பேச்சை இன்று தமிழில் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பழைய பழக்கம்தான்.

சரி, ஈரலுக்கு யார் கட்டளை கொடுக்கிறார்கள்? முக்கியமாக இரண்டு ஓமோன்கள், இரண்டும் சதையியிலிருந்து (கணையத்திலிருந்து) வருபவை. குளுக்ககன் சீனியை விடு என்கிறது, இன்சுலின் நிறுத்து, சேமி என்கிறது. அவசரம் என்றால் அதிரினலினும், நாட்பட்ட நெருக்கடி என்றால் கோர்ட்டிசோலும் குளுக்ககன் பக்கம் சேர்ந்துகொள்ளும். கோர்ட்டிசோல் மட்டும் ஈரல் கலத்துக்குள்ளேயே போய் வேலை செய்யும். மற்ற மூன்றையும் பிடிக்கும் வாங்கிகள் கலம் ஒவ்வொன்றின் மென்சவ்விலும் உள்ளன. இந்த ஓமோன்கள் உள்ளே போய்ச் செய்தி சொல்வதில்லை, வாசலில் நின்று வாங்கியைத் தொடுகின்றன. செய்தி உள்ளே வேறு வழியால் போகிறது.

அந்த வழியை முதலில் காட்டியதும் ஈரல் கலம்தான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஏர்ல் சதர்லாண்டும் கூட வேலை செய்தவர்களும் ஈரலை அரைத்து, அதில் குளுக்ககனும் அதிரினலினும் சேர்த்துப் பார்த்தார்கள். மென்சவ்வுத் துண்டுகளிலிருந்து, கொதிக்க வைத்தாலும் கெடாத ஒரு சிறு பொருள் உண்டாகி, அதுவே கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தை எழுப்பியது. அதுதான் சைக்கிளிக் ஏ.எம்.பி. 1971 இல் சதர்லாண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலியின் ஈரல் மென்சவ்வையும் குளுக்ககனையும் வைத்தே வேலை செய்த மார்ட்டின் ரொட்பெல், வாங்கிக்கும் அந்தச் சிறு பொருளுக்கும் நடுவில் ஒரு இடைத்தரகர் இருக்க வேண்டும் என்று கண்டார். இன்று அதை ஜி புரதம் என்கிறோம். அதற்கும் 1994 இல் நோபல். ஓமோன் கலத்தோடு எப்படிப் பேசுகிறது என்ற அறிவில் பெரும் பகுதியை உலகம் ஈரலிடம்தான் கற்றது.

கேட்கத் தெரிந்த கலம் ஏன் கேட்காமல் போகிறது? இங்கேதான் பெரும்பாலானோர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. “உடம்பு பழுதாப் போச்சு” என்கிறார்கள், துருப்பிடித்த பூட்டு மாதிரி. உண்மையில் கேளாமல் இருப்பது கலத்தின் அன்றாடத் திறமைகளில் ஒன்று. கலம் அதைத் தினமும் செய்கிறது, தினமும் திருத்திக்கொள்கிறது.

நல்லூர்க் கோயில் மணி நேரம் தவறாது. சுற்றியுள்ள வீதிகளில் அந்த மணியை வைத்தே உலை வைக்கிற வீடுகள் இருந்தன. அந்த மணி நாள் முழுக்க நிற்காமல் அடித்தால் யார் அதைக் கவனிப்பார்கள்? இன்சுலினும் அப்படித்தான். ஆரோக்கியமான சதையி அதைத் தொடர்ந்து ஒழுக விடுவதில்லை, ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பாக விடுகிறது. அந்தத் துடிப்பு உடம்பு முழுக்கப் போகுமுன் ஈரல் வாயினாளம் வழியாக நேரே ஈரலுக்கு வருகிறது. வந்த இன்சுலினில் பாதியளவை ஈரல் முதல் சுற்றிலேயே எடுத்து அழித்துவிடுகிறது. மணி அடிக்கிறது, அடங்குகிறது, அடுத்ததைக் கேட்கக் காது தயாராகிறது. இடைவெளி கிடைக்கும் வரை ஈரல் நன்றாகக் கேட்கும்.

இடைவெளி இல்லாமல் ஓமோன் வந்துகொண்டே இருந்தால் கலம் மூன்று வேகங்களில் காதை மூடும்.

நிமிடக் கணக்கில் நடப்பது ஒன்று. குளுக்ககன், அதிரினலின் வகை வாங்கிகளின் உள்வாலில் நொதியங்கள் பொஸ்பேற்றை ஒட்டிவிடும். அந்த இடத்தில் அரெஸ்டின் என்ற புரதம் வந்து குந்திக்கொள்ளும், ஜி புரதம் அருகே வர முடியாது. ஓமோன் வெளியே நின்று கதவைத் தட்டினாலும் உள்ளே செய்தி போகாது. பிறகு வாங்கியே கலத்துக்குள் இழுக்கப்படும். அங்கே பொஸ்பேற்றைக் கழற்றி மறுபடி மேலே அனுப்பினால் கேட்கும் திறன் திரும்பிவிடும். இந்த நாடகத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரொபேர்ட் லெஃப்கோவிட்ஸ் 2012 இல் நோபல் பெற்றார்.

மணிக்கணக்கிலும் நாள் கணக்கிலும் நடப்பது இன்னொன்று. உள்ளே இழுத்த வாங்கிகளை மேலே அனுப்பாமல் கலம் அழித்துவிடும், மேற்பரப்பில் எண்ணிக்கை குறையும். 1970களில் ஜெசி ரோத்தும் அவருடைய கூட்டாளிகளும் பருத்த எலிகளின் ஈரல் மென்சவ்வை எடுத்து, இன்சுலின் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்தார்கள். குருதியில் இன்சுலின் கூடிய எலியில் வாங்கிகள் குறைந்திருந்தன. எலிகளைப் பட்டினி போட்டு இன்சுலினைக் குறைத்ததும் வாங்கிகள் கூடின. வாங்கியின் எண்ணிக்கையை முடிவு செய்ததே இன்சுலின்தான் என்று அப்போது தெளிவானது. ஒரு ஓமோன் தன் சத்தத்தாலேயே தன்னைக் கேட்பவரைக் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது வேகம் மெதுவானது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊறுவது. பெரியம்மாவின் 168 இலிருந்து வீதியில் போகிற பாதிப் பேரின் கதை வரைக்கும் இதுதான். இங்கே வாசலில் வாங்கி போதுமான அளவு இருந்தாலும், உள்ளே செய்தி நடுவழியில் நின்றுவிடும். நிறுத்துவது கொழுப்பு.

உடம்புக்குத் தேவைக்கு மேல் சக்தி வந்துகொண்டே இருந்தால், தோலுக்கடியில் உள்ள கொழுப்புக் கிடங்கு ஒரு கட்டத்தில் நிரம்பும். அதற்கு மேல் வருவது ஈரல் கலத்துக்குள் துளித்துளியாகத் தங்கத் தொடங்கும். துளியாகக் கட்டி வைத்த கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. பாதி வழியில் நிற்கும் டைஅசைல்கிளிசரோல் என்ற இடைப்பொருள்தான் மென்சவ்வருகே சேர்ந்து ஒரு நொதியத்தை எழுப்பி, இன்சுலின் வாங்கியின் உள்பக்கத்தை முடக்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழு வருடக்கணக்காக உழைத்துக் கட்டிய விளக்கம் இது. அழற்சி, கலத்துக்குள் புரதம் மடியும் இடத்தில் ஏற்படும் நெருக்கடி என்று வேறு காரணங்களும் கூடவே பங்கெடுக்கின்றன. ஆனால் கொழுப்பு இறங்கினால் காது திறக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த முழு விடயத்திலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இன்சுலின் ஈரலுக்கு ஒரு கட்டளை கொடுப்பதில்லை, இரண்டு கொடுக்கிறது. சீனி செய்யாதே என்பது ஒன்று, மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வை என்பது மற்றது. ஈரல் செவிடாகிறது என்றால் இரண்டும் கேளாமல் போக வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. முதல் கட்டளை காதில் விழாமல் போகிறது, இரண்டாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. சீனி செய்வதும் நிற்காது, கொழுப்புச் செய்வதும் நிற்காது. 2008 இல் மைக்கேல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இந்த முரணைக் கூர்மையாக எடுத்து வைத்தார்கள். கொலஸ்ட்ரோல் ஆராய்ச்சிக்காக 1985 இல் நோபல் வாங்கிய அதே இருவர். ஈரலில் மட்டும் இன்சுலின் வாங்கியையே இல்லாமல் செய்த எலிகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவற்றுக்குச் சீனி கூடுகிறது, ஆனால் ஈரலில் கொழுப்புக் கட்டுவதில்லை. முழுச் செவிட்டு ஈரல் அது. மனிதருக்கு வருவது அரைச் செவிடு, அதனால்தான் மோசம்.

இதை வட்டமாகப் பாருங்கள். ஈரல் சீனியை நிறுத்தவில்லை என்று சதையி கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலினால் சீனி நிற்பதில்லை, கொழுப்புக் கூடுகிறது. கொழுப்புக் கூடியதால் காது இன்னும் மூடுகிறது. சதையி இன்னும் கூட்டுகிறது. ஐந்து, பத்து வருடம் இப்படியே ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. சீனிப் பரிசோதனையும் சரியாகவே வரும், ஏனென்றால் சதையி இழுத்துப் பிடித்திருக்கிறது. அது களைத்துப் போன பிறகுதான் கிளினிக் கொப்பி திறக்கப்படுகிறது.

நாங்கள் மெலிந்தவர்கள்தானே, இது எங்களுக்கு இல்லை என்று நினைக்க முடியாது. தெற்காசியருக்குத் தோலடிக் கிடங்கு சிறியது, ஈரல் சீக்கிரமே நிரம்புகிறது. 2006 இல் வெளியான யேல் ஆய்வு ஒன்றில், உடல் எடை கூடாத இளம் இந்திய வம்சாவளி ஆண்களின் ஈரலில் வெள்ளையரைவிட இரண்டு மடங்களவு கொழுப்பு இருந்தது. உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தாண்டினாலே ஆசியர்கள் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். இங்கே இலங்கையில், ராகமவில் வளர்ந்தோரிடையே செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. சாராயம் குடிக்காதவர்களுக்கு வந்த கொழுப்பைப் பற்றியே பேசுகிறேன். குடித்தால் அது வேறு கணக்காகச் சேரும்.

எல்லாக் கேளாமையும் நோய் இல்லை என்று சொன்னேன். விடியற்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரவுக்குப் பிறகு வளர்ச்சி ஓமோன் அலையலையாக வருகிறது, விடியுமுன் கோர்ட்டிசோல் ஏறுகிறது. இரண்டும் ஈரலின் காதைக் கொஞ்சம் மந்தமாக்கி, எழும்பி வேலைக்குப் போகிற மனிதனுக்குச் சீனியை ஆயத்தம் செய்கின்றன. சதையி நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் விட்டுச் சமாளிக்கும், இல்லையென்றால் காலை ஆறு மணி இரத்தத்தில் அது தெரியும். பெரியம்மாவின் 168 இல் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

கர்ப்பம் இன்னும் அழகான உதாரணம். பிள்ளைக்குச் சீனி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடியின் ஓமோன்கள் தாயின் ஈரலையும் தசையையும் இன்சுலினுக்குச் செவிடாக்குகின்றன. கடைசி மாதங்களில் தாயின் ஈரல் வழமையைவிடக் கூடுதலாகச் சீனி செய்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த கையோடு, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த தாய்க்குத் தேவை சட்டென்று விழுகிறது. மாதக்கணக்காக மூடிய காது ஓரிரு நாளில் திறக்கிறது. கலத்துக்கு எப்படித் திறப்பது என்று முழுதாகத் தெரியும், மூடச் சொல்பவர் போக வேண்டும், அவ்வளவுதான்.

பட்டினி கிடக்கும் பிள்ளையில் இதன் மறுபக்கம் தெரியும். வளர்ச்சி ஓமோன் ஈரலைத் தொட்டு, ஐ.ஜி.எஃப் 1 என்ற இன்னொரு ஓமோனைச் செய்ய வைத்துத்தான் எலும்பை வளர்க்கிறது. சாப்பாடு இல்லாத காலத்தில் பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி ஓமோனைக் கூடுதலாக விட்டாலும் ஈரல் கேட்பதில்லை, ஐ.ஜி.எஃப் விழுந்துவிடுகிறது. பிள்ளை வளராமல் நிற்கும். கொடுமையாகத் தோன்றினாலும் அந்த நேரத்தில் அது உயிர் காக்கும் முடிவு. இருக்கிற கொஞ்ச அரிசியை உயரத்துக்குச் செலவழிக்காதே என்று ஈரல் சொல்கிறது. இடப்பெயர்வும் பொருளாதாரத் தடையும் கண்ட எங்கள் மண்ணில் அந்த மெலிந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல புரதமும் போதிய சாப்பாடும் வந்தால் ஈரல் மறுபடி கேட்கத் தொடங்கும், ஐ.ஜி.எஃப் ஏறும்.

இனித் திரும்பி வருவது பற்றி.

2011 இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரோய் ரெய்லர் குழு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. சலரோகம் வந்து நான்கு வருடத்துக்கு உட்பட்ட 11 பேர். எட்டு வாரம், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரிதான். குளிசைகளை நிறுத்திவிட்டார்கள். முதல் ஏழு நாளில் வெறுவயிற்றுச் சீனி சராசரியாக 166 இலிருந்து 106 க்கு இறங்கியது. ஈரல் கொழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு வாரத்திலேயே போனது. முன்பு, கொடுத்த இன்சுலின் ஈரலின் சீனி உற்பத்தியை 43 வீதம்தான் அடக்கியது. ஒரு வாரத்தில் அது 74 வீதம் ஆனது, சலரோகம் இல்லாதவரின் ஈரல் மாதிரி. எட்டு வார முடிவில் ஈரல் கொழுப்பு 12.8 வீதத்திலிருந்து 2.9 வீதத்துக்கு வந்திருந்தது.

ஏழு நாள்! பெரியம்மாவின் எண்ணும் இவர்களின் தொடக்க எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இதை முதலில் வாசித்தபோது கொப்பியை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இவ்வளவு வேகம் ஏன் என்றால், ஈரல் கொழுப்பு வங்கியில் நிலையான வைப்பு மாதிரி இல்லை, கைச்செலவுக் காசு மாதிரி. சக்தி குறைந்ததும் உடம்பு முதலில் கை வைப்பது அதில்தான். இடுப்புச் சதையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வருமுன் ஈரல் இறங்கிவிடும். கொழுப்பின் இடைப்பொருள் குறைய, முடக்கும் நொதியம் ஒதுங்குகிறது. இன்சுலினின் செய்தி மறுபடி கலத்தின் கருவரை போய், சீனி செய்யும் மரபணுக்களை மூட வைக்கிறது. சீனி குறைய, சதையி இன்சுலினைக் குறைக்கிறது. இன்சுலின் குறைய வாங்கிகள் மேலே வருகின்றன, கொழுப்புச் செய்யும் கட்டளையும் தணிகிறது. முன்னே சொன்ன அதே வட்டம் மறுபக்கமாகச் சுழல்கிறது.

அதே குழு பங்கெடுத்த பெரிய ஆய்வு 2017 இல் வந்தது. 306 பேரில் பாதிப் பேருக்குக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். அவர்களில் 46 வீதத்தினர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமல் சலரோக எல்லைக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் அது 86 வீதம். எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சீனியும் திரும்பியது. கொழுப்பு மறுபடி வந்தால் காது மறுபடி மூடும், கலத்துக்குப் பழைய நன்றிக்கடன் இல்லை.

நடையும் உதவுகிறது. எடை அதிகம் இறங்காவிட்டாலும் தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் ஈரல் கொழுப்புக் குறையும். பெரும்பாலானோர் கையில் இருக்கும் மெற்போமின் குளிசையின் முக்கிய வேலையும் ஈரலிலிருந்து வரும் சீனியைக் குறைப்பதுதான். அதனால்தான் வெறுவயிற்று எண் கூடினால் டாக்டர் முதலில் அதைத் தொடுகிறார்.

கிளினிக்கில் நான் ஈரலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்டது கந்தசஷ்டியைப் பற்றி.

“அப்ப ஆறு நாள் விரதம் பிடிச்சா சரிவருமே?”

ஐப்பசி அமாவாசைக்குப் பிறகு ஆறு நாள், ஏழாம் நாள் பாறணை. நியூகாசிலின் முதல் வாரமும் ஏழு நாள்தான். ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் விரதம் என்ற ஒரே சொல்லுக்குள் பல விரதம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் குடிப்பவர் ஒருவர், பாலும் பழமும் எடுப்பவர் ஒருவர், பகல் முழுக்க ஒன்றும் இல்லாமல் பின்னேரம் ஒரு தலைவாழை இலையை முழுதாக முடிப்பவர் ஒருவர். சீனி போட்ட பாலையும் பழரசத்தையும் ஆறு நாள் குடித்தால் ஈரலுக்கு ஓய்வு கிடைக்காது. இன்னும் முக்கியமானது, இன்சுலின் ஊசி போடுபவரும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகைக் குளிசை எடுப்பவரும் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு விழும். மயங்கி விழுவார்கள், உயிரும் போகலாம். மருந்தைத் தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து. விரதத்துக்கு முதல் கிழமை கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். இதை நான் பெரியம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். அவருக்குக் கிளிக்கிளசைட் உண்டு.

பனங்கட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் அது சீனிக் கணக்கிலேயே வருவதில்லை. குட்டானைத் திறந்து, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் அது தெரியும். ஓலையின் வாசம், கொஞ்சம் உப்புக் கரிப்பு, பிறகு இனிப்பு. ஆனால் பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசுதான். கடைச் சீனியும் அதுதான். அது குடலில் பாதி குளுக்கோசு, பாதி புரக்ரோசு என்று உடையும். புரக்ரோசில் பெரும்பங்கு ஈரலுக்கே வருகிறது, அங்கே கொழுப்பாக மாறுவதற்கு அதற்கு வழி இலகு. பெரியம்மா ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. எண்ணிப் பார்த்தபோது அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஈரலின் காது திறப்பதற்கு எல்லைகளும் உண்டு. கொழுப்போடு நெடுநாள் அழற்சி சேர்ந்தால் ஈரலில் தழும்பு விழும். தழும்பு மெதுவாகத்தான் கரையும், சுருங்கிக் கட்டியாகிவிட்ட ஈரல் பழையபடி மென்மையாவது கடினம். மற்றது சதையி. ஈரல் நன்றாகக் கேட்டாலும் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? வருடக்கணக்காக இரட்டை வேலை செய்த இன்சுலின் கலங்களில் பல ஓய்ந்துவிடுகின்றன. 2017 ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லோரும் நோய் கண்டு ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். பெரியம்மாவுக்குப் பத்தொன்பது வருடம். அவருக்கு மருந்து நிற்காது, நிற்கும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் பனங்கட்டி இரண்டு துண்டாகக் குறைந்து, இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன் வந்து, பின்னேரம் கோயில் வீதியைச் சுற்றி நடக்கத் தொடங்கிய பிறகு வெறுவயிற்று எண் இறங்கியிருக்கிறது. போன கிழமை 141.

அன்றைக்கு எங்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவன் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை. வயது முப்பத்தெட்டு, ஆள் மெலிவு, வயிறு மட்டும் சற்று முன்னுக்கு. வேறு ஏதோ வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. சீனி 97 தானே, பிரச்சினை இல்லை என்று தாளை மடித்து அம்மாவின் கொப்பிக்குள் செருகிவிட்டான். அந்த 97 ஐப் பிடித்து வைத்திருப்பது அவனுடைய சதையி என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு இன்னும் சலரோகம் இல்லை, சதையிக் கலங்கள் இருக்கின்றன, ஈரலில் தழும்பு விழுந்ததாகத் தாளில் இல்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன திரும்பி வருதல் யாருக்கு முழுதாகக் கிடைக்கும் என்று கேட்டால் அவனைத்தான் காட்டுவேன். ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தாளைத் திரும்ப எடுத்து வாசித்தான்.

“எத்தனை கிலோ குறைக்கோணும் அண்ணை?”

இப்போது 71 கிலோ. ஐந்து கிலோவிலிருந்து தொடங்குவோம் என்றேன். அடுத்த ஸ்கானுக்குத் தை மாதத்தில் திகதி எடுத்திருக்கிறோம்.